நலக் கட்டுப்பாட்டு உணர்வு

நலக் கட்டுப்பாட்டு உணர்வு என்பது, தன் உடல்நலத்தைத் தீர்மானிப்பது எது அல்லது யார் என்பது பற்றி ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கையைக் குறிக்கும் உளவியல் கருத்துரு ஆகும். தன் நலம் தன் செயல்களைப் பொறுத்தது என ஒருவர் நம்பலாம். மருத்துவர், குடும்பத்தினர் போன்ற பிறரைப் பொறுத்தது என நம்பலாம். விதி, தற்செயல், இறைவிருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது எனவும் நம்பலாம். பெரும்பாலானோரிடம் இந்நம்பிக்கைகள் வெவ்வேறு அளவுகளில் ஒருங்கே காணப்படுகின்றன.

புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு, எச்.ஐ.வி. தொற்று போன்ற கடும் நோய்களுக்கு ஆளானோரிடம் இவ்வுணர்வு தனி முக்கியத்துவம் பெறுகிறது. நோய்க்கு முன் தன் உடல் தன் வசம் இருப்பதாக எண்ணியிருந்த ஒருவர், பரிசோதனை, அறுவை, ஊசி, உணவுக் கட்டுப்பாடு என எல்லாவற்றிலும் பிறரைச் சார்ந்திருக்க நேரிடுகிறது. எல்லாம் தன் கையில் என்ற நம்பிக்கையே எப்போதும் நன்மை தரும் என்ற பொதுவான எண்ணத்தை ஆய்வுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. நோயாளியால் உண்மையில் செய்யக்கூடியது எது, பிறரிடம் விட வேண்டியது எது, எவராலும் மாற்ற இயலாதது எது என்ற பகுப்புடன் நம்பிக்கை எவ்வளவு பொருந்துகிறது என்பதே முதன்மையானது.

கருத்துருவின் பொருள்

நலக் கட்டுப்பாட்டு உணர்வில் பொதுவாக நான்கு கூறுகள் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டில் நோயுற்றோரிடமும் அவர்களது உறவினரிடமும் அன்றாடம் கேட்கும் பேச்சுகளைக் கொண்டே இவற்றை விளக்கலாம்.

1. அகக் கட்டுப்பாடு: நலமும் நலக்கேடும் தன் செயலால் வருவன என்ற நம்பிக்கை. பத்தியம் தவறியதால் நோய் திரும்பியது என்பவர் இக்கூற்றின்படி பேசுகிறார்.
2. பிறர் கட்டுப்பாடு: மருத்துவர், செவிலியர், குடும்பத்தினர் போன்ற ஆற்றல் உள்ள பிறரே நலத்தைத் தீர்மானிக்கின்றனர் என்ற நம்பிக்கை. பெரிய மருத்துவரிடம் காட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது இவ்வகை.
3. தற்செயல்: நலம் யார் வசத்திலும் இல்லை, நேரமே காரணம் என்ற நம்பிக்கை. தலையெழுத்து என்ற சொல் பெரும்பாலும் இப்பொருளில் வழங்குகிறது.
4. இறைக் கட்டுப்பாடு: இறைவனே நலத்தைத் தீர்மானிக்கிறான் என்ற நம்பிக்கை. அம்மன் விட்ட வழி என்பது இதன் வெளிப்பாடு.

நடைமுறைப் பேச்சு இவ்வகைகளுக்குள் எப்போதும் அடங்குவதில்லை. ஒரு மருத்துவரைக் கைராசிக்காரர் எனக் கூறும்போது பிறர் கட்டுப்பாடும் தற்செயலும் ஒரே சொல்லில் இணைந்து விடுகின்றன.

இங்கு குறிப்பிடப்படுவது நோயாளியின் நம்பிக்கையே தவிர, உண்மையில் அவருக்கு உள்ள கட்டுப்பாடு அன்று. இவ்விரண்டும் ஒத்திருக்கலாம், விலகியும் இருக்கலாம். மருந்தை நிறுத்தினால் நோய் முற்றும் என அறியாதவருக்கு உண்மையில் உள்ள கட்டுப்பாட்டைவிடக் குறைவான கட்டுப்பாட்டுணர்வு உள்ளது. மனவுறுதியால் மட்டும் கட்டியைக் கரைத்துவிடலாம் என நம்புபவருக்கு உள்ளதைவிட மிகையான உணர்வு உள்ளது.

வரலாறு

இக்கருத்துரு அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ரொட்டரின் (1916–2014) சமூகக் கற்றல் கோட்பாட்டிலிருந்து தோன்றியது. 1954-இல் வெளியான நூலில் அவர் இக்கோட்பாட்டை முன்வைத்தார். ஒரு செயலால் விரும்பிய பயன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும், அப்பயனுக்கு ஒருவர் தரும் மதிப்புமே நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். வாழ்வில் கிடைக்கும் பயன்கள் தம்மாலா, புறக்காரணங்களாலா என மக்கள் பொதுவாக எவ்வாறு எதிர்பார்க்கின்றனர் என்பதை அளக்கும் வினாத்தொகுதியை 1966-இல் அவர் வெளியிட்டார். அதில் அகம், புறம் என்ற இரு முனைகள் மட்டுமே இருந்தன.

இக்கருத்தை நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்த தொடக்க ஆய்வுகளுள் ஒன்று காசநோய் பற்றியது. மெல்வின் சீமன், ஜான் எவன்சு ஆகிய சமூகவியலாளர்கள் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்த காசநோயாளிகளுள் தமக்குக் கட்டுப்பாடு உண்டு என எண்ணியவர்கள் தம் நோயைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்தனர் எனக் கண்டனர். ஒரே சூழலில், ஒரே நோயுடன் இருந்தும் சிலர் தகவலைத் தேடினர், சிலர் தேடவில்லை. அறிந்து என்ன பயன் என எண்ணுபவர் அறிய முயல்வதில்லை என்பது இதன் உட்பொருள்.

புறக் கட்டுப்பாடு என்பது ஒரே பொருள் அன்று என்பதை அன்னா லெவன்சன் 1973-இல் சுட்டிக்காட்டினார். ஆற்றல் உள்ள பிறரிடம் கட்டுப்பாடு உள்ளது என நம்புவதும், உலகம் தற்செயலாக இயங்குகிறது என நம்புவதும் வேறு வேறு. முதலாவதில் உலகிற்கு ஓர் ஒழுங்கு உண்டு, இரண்டாவதில் இல்லை. இப்பகுப்பை ஏற்றே பின்வந்த நல அளவுகோல்கள் அமைந்தன.

அளவீடு

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் வால்சுட்டன், பார்பரா வால்சுட்டன் ஆகியோர் தம் உடனாய்வாளர்களுடன் 1976-இல் உடல்நலத்திற்கென ஓர் அளவுகோலை அமைத்தனர். 1978-இல் அது பல்பரிமாண நலக் கட்டுப்பாட்டு அளவுகோலாக விரிவாக்கப்பட்டது. அகம், பிறர், தற்செயல் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 6 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொரு கூற்றுக்கும் முற்றிலும் மறுக்கிறேன் என்பதற்கு 1 முதல் முற்றிலும் ஏற்கிறேன் என்பதற்கு 6 வரை மதிப்பெண் இடப்படும். எனவே ஒவ்வொரு பிரிவிலும் மதிப்பு 6 முதல் 36 வரை அமையும்.

மூன்று பிரிவுகளின் மதிப்புகளையும் கூட்டி ஒரே எண்ணாக ஆக்குவதில்லை. அவை ஒரே அளவுகோலின் எதிரெதிர் முனைகள் அல்ல. ஒருவர் அகத்திலும் பிறரிலும் ஒருங்கே உயர்ந்த மதிப்புப் பெற முடியும். வேளை தவறாமல் மருந்து உண்பது தன் பொறுப்பு, சரியான மருந்தைத் தேர்வது மருத்துவர் பொறுப்பு என எண்ணுபவர் அத்தகையவர்.

ஏற்கனவே நோயுற்றவர்களுக்கெனத் தனி வடிவம் ஒன்று 1994-இல் வெளியிடப்பட்டது. மூன்றாம் வடிவம் எனப்படும் இதில் 18 கூற்றுகள் உள்ளன. அகத்திற்கு 6, தற்செயலுக்கு 6, மருத்துவருக்கு 3, ஏனைய பிறருக்கு 3 எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பொதுவான உடல்நலம் என்ற சொல்லுக்குப் பதிலாக நோயாளியின் குறிப்பிட்ட நோயின் பெயரை இட்டுக் கேட்கலாம் என்பது இதன் சிறப்பு. இறைக் கட்டுப்பாட்டை அளக்கும் 6 கூற்றுகள் கொண்ட தனிப்பிரிவு 1999-இல் சேர்ந்தது.

அளவுகோலின் வரம்புகளை வால்சுட்டனே எடுத்துக்கூறியுள்ளார். கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்ற நம்பிக்கையை மட்டும் கொண்டு நோயாளியின் நடத்தையை நன்கு முன்கணிக்க இயலாது என 1992-இல் அவர் எழுதினார். உடல்நலத்திற்கு அவர் தரும் மதிப்பையும், குறித்த செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே நோக்க வேண்டும். பின்னையது தன்திறன் நம்பிக்கை எனப்படும். ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்தது. புகையிலையே தன் நோயைப் பெருக்குகிறது என உறுதியாக நம்பும் ஒருவர், அதை விடத் தன்னால் ஆகாது எனவும் நம்பலாம். அவரது அகக் கட்டுப்பாட்டு மதிப்பு உயர்ந்திருந்தும் பழக்கம் மாறாது.

கடும் நோயில் ஏற்படும் மாற்றம்

நலமாக உள்ளவரிடம் உடல்நலம் உன் கையில் உள்ளதா எனக் கேட்பது ஒரு வினா. கடும் நோயாளியிடம் கேட்கும்போது அது பல வினாக்களாகப் பிரிகிறது. நோய் வந்ததற்கு யார் காரணம், நோயின் போக்கை யார் மாற்ற முடியும், வலி, வாந்தி போன்ற அறிகுறிகளை யார் தணிக்க முடியும், சிகிச்சை பற்றிய முடிவை யார் எடுப்பது, எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பது என்பன அவை. ஒன்றில் கட்டுப்பாடு இல்லை என ஏற்றுக்கொண்டவர் மற்றொன்றில் உறுதியாக இருக்கலாம்.

இதனை விளக்கும் ஆய்வு செல்லி டெய்லரும் உடனாய்வாளர்களும் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான 78 பெண்களிடம் நடத்தியது; முடிவுகள் 1983, 1984 ஆண்டுகளில் வெளிவந்தன. தன் நோயின் போக்கில் தனக்குக் கட்டுப்பாடு உண்டு என நம்பிய பெண்கள் நோயுடன் நன்கு இணங்கி வாழ்ந்தனர். மருத்துவர் போன்ற பிறருக்குக் கட்டுப்பாடு உண்டு என நம்பியவர்களும் அவ்வாறே இருந்தனர். நோய் வந்ததற்கு எதைக் காரணமாகக் கூறினர் என்பது பொதுவாகப் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஆனால் மற்றொரு மனிதரைக் குற்றஞ்சாட்டியவர்கள் துன்பம் மிக்கவர்களாக இருந்தனர். ஏன் வந்தது என்ற வினாவும் இனி என்ன செய்யலாம் என்ற வினாவும் தனித்தனியானவை என்பது இதனால் தெளிவாயிற்று.

பிரெட் ரோத்பாம், ஜான் வீசு, சாமுவேல் சினைடர் ஆகியோர் 1982-இல் முதல்நிலைக் கட்டுப்பாடு, இரண்டாம்நிலைக் கட்டுப்பாடு என்ற பகுப்பை முன்வைத்தனர். சூழலைத் தனக்கேற்ப மாற்ற முயல்வது முதல்நிலை. சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது, மாற்ற இயலாததற்குப் பொருள் காண்பது, ஆற்றல் மிக்க ஒருவருடன் தன்னை இணைத்துக்கொள்வது ஆகியன இரண்டாம்நிலை. புறத்தே பார்ப்பவருக்குக் கைவிட்டது போலத் தோன்றும் நடத்தை, நோயாளிக்கு ஒருவகைக் கட்டுப்பாடாகவே இருக்கலாம் என்பது இப்பகுப்பின் பயன்.

சிறுநீரகச் செயலிழப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருவி மூலம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர் பொதுவாக வாரம் இரண்டு அல்லது மூன்று முறை மருத்துவமனைக்குச் சென்று சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கருவியை இயக்குபவர் பிறர். வயிற்று உள்ளுறை வழியாகச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவரோ நாள்தோறும் பலமுறை தானே வீட்டில் திரவப் பையை மாற்றிக்கொள்கிறார். தூய்மையில் தவறினால் தொற்று ஏற்படும். ஒரே நோய்க்கு உரிய இவ்விரு சிகிச்சைகளும் நோயாளியிடம் வேறு வேறு வகையான பொறுப்பை எதிர்பார்க்கின்றன. பொறுப்பேற்க விரும்புபவருக்குப் பின்னது ஏற்றதாகவும், பிறர் பார்த்துக்கொள்வதில் நிம்மதி காண்பவருக்கு முன்னது ஏற்றதாகவும் அமையலாம்.

சென்னைக் காசநோய் ஆய்வு

நோயாளியிடம் எவ்வளவு கட்டுப்பாட்டை ஒப்படைக்கலாம் என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் தந்த மிக முக்கியமான விடைகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இதில் இணைந்தன. வாலசு ஃபாக்சு என்பவர் இதன் முதல் ஆய்வை வழிநடத்தினார். இம்மையம் பின்னர் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

காசநோயாளிக்கு ஓய்வும் நல்ல உணவும் காற்றோட்டமும் கொண்ட நலவாழ்வு இல்லமே தேவை என்பது அக்காலக் கருத்து. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவில்லை. எனவே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவினருக்கு மருத்துவ இல்லத்திலும் மற்றக் குழுவினருக்கு நகரின் நெரிசலான பகுதிகளில் இருந்த அவர்களது வீடுகளிலும் ஓராண்டு சிகிச்சை தரப்பட்டது. இரு குழுக்களுக்கும் ஐசோனியாசிடு, பாசு என்ற மருந்துகள் வழங்கப்பட்டன. இல்லத்தில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் மேலாகக் கிடைத்தன. ஆயினும், 1959-இல் வெளியான முடிவுகளின்படி வீட்டுச் சிகிச்சையின் பயன் இல்லச் சிகிச்சையின் பயனுக்கு நெருங்கியதாக இருந்தது. வீட்டில் உடன் வாழ்ந்தோருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் இல்லங்களின் தேவை குறைந்ததற்கு இவ்வாய்வு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

இவ்வாய்வு நோயாளிகளின் நம்பிக்கையை அளக்கவில்லை. எனினும், ஏழை நோயாளி வீட்டிலிருந்தே தன் சிகிச்சையைத் தொடர முடியும் என்பதை அது நிறுவியது. அதேவேளை, உடல் தேறியதும் சிலர் மருந்தை ஒழுங்காக உண்ணாததும் தெரியவந்தது. சிறுநீர்ச் சோதனை, மாத்திரைகளை எண்ணிப் பார்த்தல், முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் செல்லுதல் ஆகியவற்றால் இது கண்டறியப்பட்டது. மருந்தைத் தானே உண்ணும் முறையின் சிக்கல் குறித்து ஃபாக்சு 1958-இலேயே எழுதினார். வாரம் இருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் மருந்து தரும் முறையும் சென்னையிலேயே ஆராயப்பட்டு, 1964-இல் முடிவு வெளியானது. பிற்காலத்தில் உலகளவில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஓர் அடிப்படை. இந்தியாவில் 1997-இல் திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இம்முறையை ஏற்றது.

கண்காணிப்பு முறை குணமடைதலுக்கு உதவினாலும், வேலைக்குச் செல்வோருக்கு அது சுமையாகவும் சிலருக்குத் தம்மை நம்பாததன் அடையாளமாகவும் தோன்றியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, மாத்திரையைப் பிரித்தால் மட்டும் உறைக்குள் தெரியும் தொலைபேசி எண்ணுக்கு நோயாளி தானே கட்டணமின்றி அழைத்து, மருந்து உண்டதைத் தெரிவிக்கும் முறை 2010-களில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இதில் செயல் நோயாளியுடையது, கவனிப்பு பிறருடையது.

பொறுப்பை நோயாளியிடம் ஒப்படைப்பதற்கும் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளுள் மிகக் கடுமையான ஊட்டக்குறை உள்ளோர், மூச்சுத் திணறல் உள்ளோர், துணையின்றி நிற்க இயலாதோர் ஆகியோர் உடனடியாக இனங்காணப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். அந்நிலையில் உள்ளவரிடம் உன் நலம் உன் கையில் எனக் கூறுவது பொருளற்றது. அவரது உயிர் பிறர் எடுக்கும் விரைவான நடவடிக்கையைச் சார்ந்துள்ளது.

விதி, வினை, இறைவன்

கீழைநாட்டினர் விதியை நம்புவதால் நோயை எதிர்த்து முயல்வதில்லை என்ற கருத்து நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் அஜித் தலாலும் உடனாய்வாளர்களும் நடத்திய ஆய்வுகள் இதை மறுபரிசீலனை செய்யத் தூண்டின. விபத்தில் காயமுற்றோர் (1988), மாரடைப்புக்கு ஆளானோர் (1993), கருப்பை வாய்ப் புற்றுநோய் உற்ற பெண்கள் (1998) ஆகியோரிடம் அவை நடத்தப்பட்டன. நோய்க்குக் காரணமாக இறைவிருப்பம், விதி, கருமம் ஆகியன முதன்மையாகக் கூறப்பட்டன. ஆனால் காரணம் வினை என்பவர், குணமடைதலுக்கு முயற்சி பயனற்றது என எண்ண வேண்டியதில்லை. நேர்ந்ததை வினையால் விளக்கிக்கொண்டு, தன்னையோ பிறரையோ நோகாமல், இனி வருவதில் முயல்வதற்கு அந்நம்பிக்கை இடந்தருகிறது.

தமிழ் மரபிலும் இவ்விரு போக்குகளும் அருகருகே உள்ளன. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் (38) விடாமுயற்சியைக் கூறும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் (62) ஒதுக்குகிறது. மருந்து என்ற அதிகாரம் (95) உணவளவு அறிந்து உண்பதை வலியுறுத்திய பின், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. கட்டுப்பாடு ஒருவரிடம் மட்டும் இல்லை என்ற எண்ணம் இப்பகுப்பில் உள்ளது.

தென்காசி மாவட்டம் (2019 வரை திருநெல்வேலி மாவட்டம்) சிவகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதன் நடைமுறை வடிவத்தைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த சிவகிரி பெரிதும் வேளாண்மையைச் சார்ந்த பேரூர். சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண் தோல் நோய்களுக்கும் பிற நோய்களுக்கும் மருந்து என்ற நம்பிக்கை இப்பகுதி மக்களிடம் உண்டு. பக்தர்கள் அதனை நெற்றியில் இடுகின்றனர், உடலில் பூசுகின்றனர், வீட்டிற்கும் எடுத்துச் செல்கின்றனர். நோய் நீங்கினால் செலுத்துவதாக நேர்த்திக்கடன் வேண்டிக்கொள்வதும் வழக்கம். நேர்த்திக்கடனில் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்தலும், தன் பங்கிற்கு ஒன்றைச் செய்தலும் ஒருங்கே அமைந்துள்ளன. எனவே இறைக் கட்டுப்பாட்டையும் அகக் கட்டுப்பாட்டையும் எதிரெதிராக வைக்கும் வினாத்தாள் இதனைச் சரியாக அளக்காது.

இத்தகைய நம்பிக்கை சிகிச்சையுடன் இணைந்து செல்லும்போது ஆறுதலாகிறது. சிகிச்சைக்கு மாற்றாகும்போது இடராகிறது. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தொழுநோய் கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகக் கூடியது; காலந்தாழ்த்தினால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். புற்றுமண் பூசுபவரிடம் அதை விடுமாறு கூறுவதைவிட, அத்துடன் மருத்துவரையும் காணுமாறு கூறுவது பயன் தரக்கூடியது.

தொலைவும் செலவும்

சிற்றூர் நோயாளி தன்னால் எதுவும் ஆகாது எனக் கூறும்போது அது மனநிலை மட்டும் அன்று. சிவகிரி போன்ற ஊர்களிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலி, மதுரை போன்ற நகரங்களுக்குச் செல்வோர் பயணத்திற்கு ஒரு நாள் கூலியையும், உடன் வருபவரின் கூலியையும் இழக்க வேண்டும். இந்நிலையில் உயர்ந்த தற்செயல் மதிப்பு அவரது வாழ்நிலையின் சரியான விவரிப்பாகவே இருக்கலாம்.

ஆகவே கட்டுப்பாட்டு உணர்வை அறிவுரையால் மட்டும் மாற்ற இயலாது. உண்மைக் கட்டுப்பாடு பெருக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், நோவுதணிப்புச் சிகிச்சையும், இயன்முறைச் சிகிச்சையும், வீட்டுச் சுத்திகரிப்புக்கான திரவப் பைகளும் இதன்வழி வீட்டிற்கே கொண்டு தரப்படுகின்றன.

நோயாளிகள் கூட்டாகவும் கட்டுப்பாட்டைப் பெறுகின்றனர். எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. தொற்றுடன் வாழ்வோரின் இந்திய அளவிலான கூட்டமைப்பு 1997-இலும், பெண்களுக்கான கூட்டமைப்பு 1998-இலும் சென்னையில் உருவாயின. இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. மருந்து கிடைக்காத காலத்தில் விதியாகத் தோன்றிய நோய், மருந்து கிடைத்தபின் நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்காக மாறியது.

குடும்பமும் உண்மை கூறலும்

தமிழ்க் குடும்பங்களில் கடும் நோய் பற்றிய செய்தி முதலில் மகனுக்கோ கணவருக்கோ மூத்த உறவினருக்கோ கூறப்படுவதும், நோயாளியிடம் மறைக்கப்படுவதும் உண்டு. மனம் தளர்ந்துவிடுவார் என்ற அன்பே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. முடிவுகளைக் குடும்பத்திடம் விடுவதையே விரும்பும் நோயாளிகளும் உள்ளனர். அதுவும் ஒரு தெரிவே. ஆனால் அறியாத ஒன்றைப் பற்றி ஒருவர் தெரிவு செய்ய இயலாது. வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, முடி உதிர்ந்து, எவரும் காரணம் கூறாத நிலையில், நோயாளி பெரும்பாலும் தானே ஊகித்து விடுகிறார். அப்போது தன் அச்சத்தைப் பேசவும் அவருக்கு ஆளில்லை.

இந்தியச் சட்டம் இம்முடிவுரிமையை நோயாளியிடமே வைக்கிறது. தகுந்த விவரங்களை அறிந்து நோயாளி தரும் ஒப்புதல் இன்றி சிகிச்சை அளிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. குணமாகாத நிலையில் உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சு 9 அன்று அது ஏற்றது. அதற்கான நடைமுறை 2023-இல் எளிதாக்கப்பட்டது. பேச இயலாத காலத்திற்கும் தன் விருப்பத்தைச் செலுத்த இது வழி செய்கிறது.

மிகையான அகக் கட்டுப்பாட்டின் தீங்கு

மனத்திடம் இருந்தால் புற்றுநோயை வெல்லலாம் என்ற பேச்சு பரவலாக உள்ளது. 1989-இல் டேவிட் சுபீகலும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், குழு உளச்சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்ததாகக் கூறப்பட்டது. 2001-இல் பமீலா குட்வினும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட பெரிய ஆய்வில் வாழ்நாள் நீளவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன. சுபீகல் 2007-இல் வெளியிட்ட மறு ஆய்விலும் மொத்தத்தில் வாழ்நாள் நீட்சி காணப்படவில்லை. மனநிலையைக் கவனிப்பது வாழ்வின் தரத்தை உயர்த்துகிறது. அது கட்டியைக் குணப்படுத்தும் மருந்து அன்று.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டால், நோய் முற்றும்போது நோயாளி தன் மனவலிமையின்மையே காரணம் எனத் தன்னையே நொந்துகொள்கிறார். ரோனி யானோஃப்-புல்மன் 1979-இல் தன்னைக் குறைகூறலை இருவகையாகப் பிரித்தார். நான் செய்த இச்செயல் தவறு என்பது செயல்சார்ந்தது. செயலை மாற்றலாம் என்பதால் அதில் எதிர்காலத்திற்கு இடமுண்டு. நானே இப்படிப்பட்டவன் என்பது குணம்சார்ந்தது. அது தளர்ச்சிக்கு இட்டுச் செல்கிறது. புகைத்தவரிடம் புகையை நிறுத்தினால் இனி வரும் சிகிச்சை நன்கு பயன் தரும் எனக் கூறலாம். நீயே வரவழைத்துக்கொண்டாய் எனக் கூறுவதால் நன்மை ஏதும் இல்லை.

மருத்துவத்தில் பயன்பாடு

நோயாளியின் நம்பிக்கையை அறிந்துகொள்வதற்கு அளவுகோல் கட்டாயம் அன்று. இந்நோய் எதனால் வந்தது என எண்ணுகிறீர்கள், இதில் உங்களால் ஆகக்கூடியது எது என்ற இரு வினாக்களே பெரும்பாலும் போதும். விடைகளைக் கொண்டு பின்வருமாறு செயல்படலாம்.

* நோயாளியால் உண்மையில் செய்யக்கூடியவற்றை (மருந்து வேளை, காயத் தூய்மை, உணவு, அபாய அறிகுறிகளைக் கவனித்தல்) அவரிடமே ஒப்படைத்து, செய்யும் முறையைக் கற்பித்தல்.
* மருத்துவரை முழுமையாக நம்புபவரிடம் அந்நம்பிக்கையைக் குலைக்காமல், மருத்துவரின் சொல்லைக் கொண்டே சிறு பொறுப்புகளை ஏற்கச் செய்தல்.
* நோயின் போக்கை மாற்ற இயலாத நிலையில், ஊசி எந்தக் கையில் போடுவது, யார் உடனிருப்பது, வீட்டில் இருப்பதா மருத்துவமனையில் இருப்பதா போன்ற தெரிவுகளை அவரிடம் விடுதல்.
* வலியைத் தணித்தல். கடும் வலியில் உள்ளவருக்கு வேறெந்தக் கட்டுப்பாடும் பொருள் தருவதில்லை. இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம் மருத்துவத் தேவைக்கான மார்பின் கிடைப்பதை எளிதாக்கியது.

தொடங்கிய உதவியை இடையில் நிறுத்துவது தீங்காகலாம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்குத் தம்மைப் பார்க்க வருவோரின் நேரத்தைத் தாமே தீர்மானிக்க அல்லது முன்கூட்டியே அறிய வாய்ப்பளித்தபோது அவர்கள் நலமடைந்ததாக ரிச்சர்ட் சூல்சு 1976-இல் கண்டார். ஆய்வு முடிந்து வருகைகள் நின்ற பின், அவ்வாய்ப்பைப் பெற்றிருந்தவர்களே பெரிதும் தளர்ந்ததாக 1978-இல் வெளியான தொடராய்வு தெரிவித்தது. கட்டுப்பாட்டைத் தருவதாகக் கூறி மீண்டும் பறித்துக்கொள்வது, முதலிலேயே தராமல் இருப்பதைவிடத் துன்பம் தரக்கூடியது.

இவற்றையும் பார்க்க

* உடல்நல உளவியல்
* தன்திறன் நம்பிக்கை
* நோவுதணிப்புச் சிகிச்சை
* காசநோய்
* ஊழ்
* சிவகிரி

பகுப்புகள்: உளவியல் | மருத்துவம் | தமிழ்நாட்டில் நலவாழ்வு